கோயில் லைவும் கூடத்துக் கேமராவும்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது என் வீட்டுக்காரரை அல்ல, அவர் தலைக்கு மேலே சுற்றும் காற்றாடியை. காற்றாடி சுற்றினால் அது இப்போதைய படம். சுற்றாமல் நின்றால் படம் உறைந்துவிட்டது என்று அர்த்தம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எப்போதோ உட்கார்ந்திருந்தவர். இந்த நிமிடம் அவர் எப்படி இருக்கிறார் என்று அந்தப் படம் சொல்லாது. இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாள் பிடித்தது. அதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

அவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். தோட்டத்துச் சரிவில் லாரி புரண்டு தலையில் அடிபட்டதிலிருந்து அவருக்கு வலிப்பு வருகிறது. மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறார், ஆனாலும் வருகிறது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மருத்துவர் என்னிடம் சொன்னது இரண்டே விஷயம். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், குப்புறக் கிடந்தால் மூச்சு அடைத்துவிடும். சீக்கிரம் அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டுக்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டுமே. பகலில் எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரரைத் தவிர ஆள் கிடையாது, நான் வேலைக்குப் போய்விடுகிறேன்.

எங்கள் வீடு தம்பின் டவுனைத் தாண்டி ஒரு தோட்டத்துக்குள், மாரியம்மன் கோயிலை ஒட்டிய லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றாக இருக்கிறது. தோட்டம் கைமாறி, கித்தா என்கிற ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து, பாதிப் பேர் டவுனுக்குக் குடிபோன பிறகும் நாங்கள் அங்கேயே இருந்துவிட்டோம். நான் கவுண்டரில் உட்காரும் பல் கிளினிக் சிரம்பானில், தெமியாங்கில் இருக்கிறது. காலையில் ஸ்டேஷன் வரை மோட்டார் சைக்கிள், அதற்கப்புறம் ரயில். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் உட்கார வேண்டும். ஆகவே அவருக்கு ஏதாவது ஒன்று என்றால் நான் ஓடிப்போய்ச் சேரப்போவதில்லை. என்னால் முடிந்ததெல்லாம் கேமராவில் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் அடிப்பதுதான். அக்கா காலையில் தம்பின் பசாரில் காய்கறி விற்றுவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவார். ஓடிப்போய்ப் பார்க்க எனக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான்.

கேமரா மலிவான சாமான். அது எடுக்கும் படம் வைஃபை பெட்டி வழியாக வெளியே வந்து என் போனுக்குச் சேர வேண்டும். எங்கள் தோட்டத்துக்குள் இன்டர்நெட் கம்பி வரவில்லை, சிம் கார்டு போட்ட பெட்டிதான். வீட்டுக்குள் டவர் சிக்னல் ஒழுங்காக விழுகிற ஒரே இடம் சாமி மேடை என்பதால் பெட்டியும் சாமிப் படங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை எல்லாப் படத்துக்கும் பொட்டு வைக்கிற மனிதர் அதற்கும் ஒன்று வைத்துவிடுவார். மல்லிகைச் சரம்கூடப் போட்டிருக்கிறார்.

"சூடாயிடும், பூவ எடுங்க!" என்று கத்துவேன்.

"இதுவும் கண்ணுக்குத் தெரியாத வேலதான லா பண்ணுது" என்பார், எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வை விடாமல்.

அவர் எப்போதும் இப்படித்தான். பயம் முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டு அவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

முதல் தடவை படம் உறைந்தபோது அவர் டீ கிளாஸை வாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நான் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பார்க்கிறேன். குடிக்கவில்லை. கிளாஸ் இறங்கவில்லை. கண் ஒரு பக்கமாகப் போயிருந்தது. வலிப்பு வருவதற்கு முன் அவர் கண் அப்படித்தான் போகும், அதனால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன் அடித்தால் இரண்டாவது மணியில் எடுத்தார். "என்ன லா, ஒரு டீ குடிக்க விடமாட்டியா?" என்றார். திரையில் அவர் இன்னும் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். காற்றாடி நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு இது வாடிக்கையாகிவிட்டது. படம் உறையும், நான் போன் அடிப்பேன். சில நேரம் எடுப்பார். குளித்துக்கொண்டிருந்தாலோ தூங்கிக்கொண்டிருந்தாலோ எடுக்கமாட்டார். உடனே அக்காவுக்கு அடிப்பேன். பாவம், அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். "நல்லாத்தான் இருக்காரும்மா, தலையத் துவட்டிக்கிட்டு நிக்கிறாரு" என்பார். ஒரு நாள் ஓடும்போது வாசல் படியில் வழுக்கி விழுந்து முட்டி வீங்கிவிட்டது. அடுத்த தடவை கூப்பிட்டபோது அக்கா, "லைன்தான் ஸ்லோவா இருக்கும்மா, கொஞ்சம் பாத்துட்டு அப்புறமா அடி" என்றார்.

அக்கா சொன்னதில் தவறே இல்லை. ஆனால் உண்மையிலேயே அவர் விழுந்து கிடக்கும் நாளில் நான் கூப்பிட, அக்காவும் லைன்தான் என்று நினைத்துச் சோற்றை வடித்துவிட்டுப் போனால்? இப்படி மாற்றி மாற்றிப் பொய் சொல்லும் கேமரா இருப்பதற்குக் கேமராவே இல்லாமல் இருந்திருக்கலாம்.

சிம் கம்பெனிக்குப் போன் செய்தால், பெட்டியை அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார்கள். அணைத்துப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கின் மடிக்கணினியைக் கேட்டு வாங்கிவந்து நானே உட்கார்ந்தேன். வீட்டிலிருந்து வெளியே ஒரு கேள்வியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று வரிவரியாகக் காட்டும் கறுப்பு ஜன்னல் ஒன்று கணினியில் உண்டு. அதை ஓடவிட்டுவிட்டு வெங்காயம் உரித்தேன். பதில்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. கோயில் மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் பதில்கள் தாமதமாயின, அப்புறம் இடையிடையே வராமலே போயின. பூசை முடிந்து மணி ஓய்ந்த பிறகு மறுபடியும் ஒழுங்காயின. மத்தியானப் பூசைக்கும் அதே கதை. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வெங்காயக் கையோடு போய் அவர் முன்னால் நின்றேன்.

"கோயில் லைவ்வ எந்த லைன்ல விடுறீங்க?"

"நம்ம லைன்லதான். ஏன்?"

ஏனாம். ஊரை விட்டுப் போனவர்கள் ரஹாங்கிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அம்மனுக்குத் தீபாராதனை காட்டுவதை அவர்கள் போனில் பார்க்க வேண்டும் என்று கோயில் கமிட்டி ஒரு கேமரா வாங்கி மாட்டியிருந்தது. லைனுக்கு எங்கே போவது? கோயிலை ஒட்டிய வீடு எங்கள் வீடு. திருவிழாவுக்கு எங்கள் வீட்டிலிருந்து கரண்டு போகும், அன்னதானத்துக்கு எங்கள் குழாயிலிருந்து தண்ணீர் போகும். கோயிலுக்கு இல்லை என்று லயத்தில் யாரும் சொன்னதில்லை. ஆக வைஃபையும் போய்விட்டது. பூசை மணி கேட்டதும் நாற்காலியில் இருந்தபடியே போனைத் தட்டி லைவைத் திறந்துவிடுவது இவர் வேலை. லாரி சாவி கையை விட்டுப் போன பிறகு அவருக்கென்று இருந்த வேலை அது ஒன்றுதான். எனக்குத் தெரியாமல் செய்தார் என்று சொல்ல முடியாது. கோயிலுக்குக் கொடுத்தது எனக்கும் தெரியும். தண்ணீர் மாதிரி இதுவும் எடுக்க எடுக்க வரும் என்று இருவரும் நினைத்திருந்தோம், அவ்வளவுதான்.

அப்படி இல்லை என்பதை வாசித்துத் தெரிந்துகொண்டேன். படம் முழுதாகப் போவதில்லை, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டப்பட்டுப் போகிறது. வெளியே போகும் வழி எங்கள் பெட்டியில் ரொம்பக் குறுகல். கோயில் லைவ் பெரிய படம். அதன் பொட்டலங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, பெட்டி முடிந்த மட்டும் வரிசையில் நிறுத்திவைக்கிறது, இடம் இல்லாதபோது வருவதைத் தூக்கி எறிந்துவிடுகிறது. எறிந்ததைக் கோயில் லைவ் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதனால் அது பின்தங்கி வருமே தவிர ஒன்றையும் விடாது. எங்கள் கூடத்துக் கேமரா அப்படித் திரும்பக் கேட்காது. போனது போனதுதான். அப்படித் தொலைந்துபோன துண்டுகளில்தான் என் புருஷன் டீ குடித்தார், தலை துவட்டினார், ஒரு நாள் விழவும் விழுவார்.

பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் யாருக்கு முதல் இடம், யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொடுக்க வழி இருந்தது. கூடத்துக் கேமராவுக்கு முதல் இடம் கொடுத்தேன். கோயில் கேமராவுக்கு ஓர் அளவு வைத்து வரிசையின் கடைசியில் நிறுத்தினேன். அன்று மாலை எங்கள் வீட்டில் பெரிய ரகளை.

"சாமிக்கே கியூவா? நல்லா இருக்கு லா ஒன் நியாயம்!"

"சாமிக்கு இல்லைங்க. சாமியக் காட்டுற பொட்டிக்குத்தான்."

"ஜொகூர்ல உள்ளவங்க எனக்குத்தான போன் பண்ணிக் கேப்பாங்க?"

"கேக்கட்டும். கொஞ்சம் லேட்டா பாத்தா அம்மன் கோவிச்சிக்க மாட்டா. நீங்க கீழ கெடந்து அத நான் லேட்டா பாத்தா என்ன பண்றது?"

நான் அழுதுவிட்டேன், அதனால் ஜெயித்தேன். அவர் என்னிடம் தோற்பது எப்போதும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு படம் உறையவே இல்லை. காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாடு எனக்கு ருசித்தது. அக்காவுக்கு நான் போன் அடிக்கவில்லை. ஆனால் கோயில் லைவ் திக்க ஆரம்பித்தது. சிங்கப்பூரில் இருக்கும் அவர் அத்தை, பூசாரியோடு போனில் பேசும்போது, இங்கே பூசை முடிந்துவிட்டது என்று பூசாரி சொன்ன பிறகும் அங்கே தன் போனில் மணி அடித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிக் குறைப்பட்டார். சில நாள் லைவ் அடியோடு நின்றுவிடும். அதைச் சரிசெய்ய நாற்காலியில் இருந்தபடி முடியாது, கோயிலுக்கே போய்க் கேமராவை அணைத்துப் போட வேண்டும். நான் வீட்டில் இருக்கும்போது நான் போவேன். "நான் இல்லாதப்ப நின்னா நிக்கட்டும். நீங்க எந்திரிக்காதீங்க" என்று சொல்லிவைத்திருந்தேன். தலையை ஆட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை கிளினிக்கில் கூட்டம், வழக்கமான ரயிலை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தேன். உட்கார இடம் கிடைத்ததும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேமராவைத் திறந்தேன். காற்றாடி நன்றாகச் சுற்றியது. நாற்காலி காலியாக இருந்தது.

பாத்ரூமில் இருப்பார் என்று நினைத்தேன். கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போன் அடித்தேன். நாற்காலிக் கைப்பிடியில் கிடந்த அவர் போன் வெளிச்சமாகி, அதிர்ந்து நகர்ந்ததைத் திரையில் பார்த்தேன். எடுக்க யாரும் வரவில்லை. அக்காவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, அக்கா கோயிலில் இருப்பார், போன் பைக்குள் இருக்கும். படம் ஒரு துளி பிசகாமல் காலி நாற்காலியை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

பிறகுதான் கோயில் லைவைத் திறக்கத் தோன்றியது. திறந்ததும் திரை முழுக்க அவர் முகம். கேமராவுக்கு முன்னால் நின்று ஏதோ ஒயரைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது. லைவ் நின்றிருக்கிறது, என் பேச்சைக் கேட்காமல் எழுந்து போயிருக்கிறார். வீட்டுக்குப் போய் இருக்கிறது கச்சேரி என்று பல்லைக் கடித்தேன். சரிசெய்துவிட்டுப் பின்னால் போய்க் கூட்டத்தில் நின்றுகொண்டார். உடுக்கை அடிக்கிறவர் அடிக்க ஆரம்பித்தார். பூசாரி தட்டில் சூடம் ஏற்றினார்.

அப்போது அவர் இடது கை சட்டை ஓரத்தைப் பிடித்துப் பிடித்து இழுத்ததைப் பார்த்தேன். வாய் ஒன்றுமில்லாததை மென்றது.

அது எனக்கு மட்டும் தெரிந்த அடையாளம். மறுபடியும் அக்காவுக்கு அடித்தேன், மறுபடியும் அடித்தேன். ரயில் ரெம்பாவைத் தாண்டிச் செம்பனைக் காட்டுக்குள் நுழைந்தது. சிக்னல் போய்விட்டது. திரையில் அவர் சட்டையைப் பிடித்தபடி நின்றார், அவர் மேல் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் போனை ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினேன். பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண் "கெனாப்பா, காக்?" என்று என் தோளைத் தொட்டாள். என்ன ஆச்சு என்று கேட்கிறாள். எனக்குத் தெரியாததை அவளுக்கு எப்படிச் சொல்வது?

வட்டம் போய்ப் படம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. அவர் உடம்பு விறைத்தது. தலை பின்னால் சாய்ந்து, இரண்டு கையும் உதறி, அம்மன் சந்நிதிக்கு நேராகச் சாய்ந்தார். கூட்டம் விலகியது. விலகிய கூட்டம் கை எடுத்துக் கும்பிட்டது.

சாமி வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். உடுக்கைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தார். ஒரு பெண் வேப்பிலையைக் கொண்டுவந்து அவர் மேல் போட்டாள். வாக்குக் கேட்க ஒருவர் குனிந்தார். திரையின் கீழே ஜொகூரிலிருந்து, ரஹாங்கிலிருந்து, தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லோரும் கும்பிடும் கைகளாக அனுப்பினார்கள். 'அத்தானுக்கு அருள் வந்துருச்சு, தாயே' என்று என் சொந்தச் சித்தி மகளே எழுதியிருந்தாள். 'சாமி இல்ல ஃபிட்ஸ் திருப்பிப் படுக்க வைங்க' என்று எழுதினேன். எழுத்துப் பிழையோடு போனது, கும்பிடும் கைகளுக்கு நடுவில் மேலே ஏறி மறைந்துபோனது. அவர் முகம் தரையில் இருந்தது. குப்புறக் கிடந்தார். இத்தனை பேர் சுற்றி நின்று அவர் மூச்சு அடைப்பதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் போன் அடித்தது. அக்கா.

"எங்கம்மா இருக்க? பயப்படாத. அண்ணனுக்கு வந்துருச்சு, ஆனா அடங்கிருச்சு. கேக்குதா? அடங்கிருச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருக்கேன். மூச்சு நல்லா வருது. இதுங்கல்லாம் சாமின்னு நெனச்சிட்டு நிக்கிதுங்க, நான் கத்துன கத்துல பூசாரியே நடுங்கிட்டாரு."

அக்காவின் குரலுக்குப் பின்னால் உடுக்கைச் சத்தம் இல்லை. யாரோ தண்ணீர் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. ஆனால் என் கையில், திரையில், உடுக்கை அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவர் குப்புறத்தான் கிடந்தார், கால் உதறிக்கொண்டிருந்தது, ஒருவரும் தொடவில்லை. கடைசி வரிசையில் நான் நிறுத்திய லைவ், காட்டுக்குள் நின்று நின்று வந்த லைவ், இப்போதுதான் இங்கே வந்து சேர்கிறது என்று எனக்குத் தெரியும். பெட்டியில் அந்த அளவை வைத்தவளே நான்தான். தெரிந்து என்ன? காதில் கேட்பதை நம்புவதா, கண்ணில் பார்ப்பதை நம்புவதா? என் கண் அந்தக் காலை விட்டு நகர மறுத்தது.

"ஏம்மா, லைன்ல இருக்கியா?"

திரையின் ஓரத்தில் பச்சைச் சேலை ஒன்று தெரிந்தது. அக்கா. கூட்டத்துக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார், வாக்குக் கேட்கிறவர் முதுகு மறைக்கிறது, கீழே கிடப்பது இன்னும் அக்காவுக்குத் தெரியவில்லை.

"அக்கா, சீக்கிரம் போங்கக்கா!" என்று ரயில் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "அவரப் போய்ப் பிடிங்கக்கா!"

"புடிச்சிட்டேனேம்மா," என்றார் அக்கா. "என் மடியிலதான இருக்காரு."